அந்துப்பூச்சி ஆர்க்கிட்: சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டில் வளர்ப்போர் கேட்கும் கேள்விகள்

பெலனாப்சிஸ் எனப்படும் அந்துப்பூச்சி ஆர்க்கிட்டின் கலப்பினங்கள் இப்போது நர்சரிகளிலும் பூங்கொத்துக் கடைகளிலும் எளிதில் கிடைக்கின்றன. அவற்றோடு வரும் குறிப்புச் சீட்டுகளோ பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே செடிக்கு இரண்டு விதமான பராமரிப்பு தேவைப்படுகிறது. கீழே உள்ள விடைகள் இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொண்டே எழுதப்பட்டுள்ளன.

ஏற்காட்டில் மொட்டும் மலருமாக வாங்கிய செடி, சேலத்து வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் மொட்டுகளை எல்லாம் உதிர்த்துவிட்டது. செடி இறந்துவிடுமா?

இறக்காது. மொட்டு உதிர்வது செடியின் நோயல்ல, இடமாற்றத்தின் விளைவு. மலையின் ஈரக் காற்றிலிருந்து சமவெளியின் வறண்ட காற்றுக்குச் சில மணி நேரத்தில் வந்துசேரும்போது, வேர்கள் அனுப்பும் நீரைவிட இலைகளும் பூக்களும் இழக்கும் நீர் அதிகமாகிறது. அப்போது செடி முதலில் கைவிடுவது இன்னும் விரியாத மொட்டுகளைத்தான். கண்ணாடி ஏற்றிய காரை வழியில் வெயிலில் நிறுத்தி, செடியை உள்ளேயே விட்டுவிட்டு உணவருந்தச் செல்வது இதை உறுதிப்படுத்திவிடும்.

இன்னொரு காரணம் சேலத்துக்கே உரியது. பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. மிகக் குறைந்த அளவு எத்திலீன்கூட ஆர்க்கிட் மொட்டுகளை மஞ்சளாக்கி உதிர்க்கவும், விரிந்த பூக்களை ஓரிரு நாளில் துவளச் செய்யவும் போதுமானது. சித்திரை, வைகாசியில் மல்கோவாவையும் இமாம் பசந்தையும் வைக்கோலில் பரப்பிப் பழுக்க வைத்திருக்கும் அறையில் ஆர்க்கிட்டை வைத்துவிட்டுத் தண்ணீரையும் உரத்தையும் குறை கூறுவதில் பயனில்லை. மாம்பழம் ஓர் அறையிலும் ஆர்க்கிட் வேறோர் அறையிலும் இருக்கட்டும்.

இலைகள் விறைப்பாகவும் வேர்கள் திடமாகவும் இருந்தால் செடி அடுத்த பருவத்தில் மீண்டும் பூக்கும். அடுத்த முறை வாங்கும்போது, பாதிக்கு மேற்பட்ட பூக்கள் விரிந்துவிட்ட செடியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விரிந்த பூ மொட்டைவிட இடமாற்றத்தை நன்றாகத் தாங்கும்.

வீட்டில் எந்த இடத்தில் வைக்க வேண்டும்?

காலை வெயில் மட்டும் படும் கிழக்கு ஜன்னல் இரண்டு ஊர்களுக்கும் ஏற்றது. சேலத்தில் மேற்கு ஜன்னலை முற்றிலும் தவிர்க்க வேண்டும். பிற்பகல் வெயிலில் இலை சூடேறி, ஒரே நாளில் வெளுத்த வட்டமாக வெந்துவிடும்; அந்தத் தழும்பு இலை உதிரும்வரை மாறாது. தெற்கு ஜன்னலில் மார்கழி, தை மாதங்களில் சூரியன் சாய்ந்து நேராக உள்ளே வருவதை மறந்துவிடுகிறோம். அக்காலத்தில் அங்கு மெல்லிய திரை தேவை.

வெளிச்சம் போதுமா என்பதை அறிய நண்பகலில் இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விளிம்பு மங்கிய நிழல் விழுந்தால் வெளிச்சம் சரி. கூர்மையான நிழல் என்றால் அதிகம். நிழலே விழவில்லை என்றால் போதாது. கரும்பச்சையாகத் தழைத்து அழகாக இருக்கும் இலையைப் பார்த்துப் பலர் மகிழ்கிறார்கள். ஆனால், அது பெரும்பாலும் வெளிச்சம் போதாத செடியின் இலை. சற்று வெளிர்ந்த, புல்லின் பச்சையே பூக்கும் செடியின் நிறம்.

ஏற்காட்டில் வராந்தா சிறந்த இடம். ஆனால், மழைச்சாரல் படாத கூரை அவசியம். குரங்குகள் பூந்தண்டை ஒடித்துவிடும் என்பதால் கம்பிவலை இல்லாத வராந்தாவை நம்ப முடியாது.

தோட்டத்துச் செம்மண்ணில் நடலாமா?

கூடாது. இது காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வாழும் செடி. மரத்தின் சாறை உறிஞ்சுவதில்லை, பிடிமானத்துக்காக மட்டுமே பற்றியிருக்கிறது. வேரைச் சுற்றியுள்ள தடித்த பஞ்சு போன்ற உறை, மழை பெய்தவுடன் நீரை இழுத்துக்கொண்டு பிறகு காற்றில் உலர்வதற்காக அமைந்தது. மண்ணிலும் தென்னை நார்க்கழிவிலும் காற்று புகாததால் அந்த உறை அழுகிவிடும்.

நமக்கு எளிதில் கிடைக்கும் நல்ல பொருள் தேங்காய் மட்டைத் துண்டு. அதை வாங்கியவுடன் பயன்படுத்தக் கூடாது. மட்டையில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருப்பதால், மூன்று நாட்கள் ஊறவைத்து, தேநீர் நிறத்தில் வடியும் நீர் தெளியும்வரை நாள்தோறும் மாற்ற வேண்டும். கடைசி ஊறலில் லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்தால் மட்டையில் ஒட்டியிருக்கும் சோடியமும் வெளியேறும். இத்துடன் விரல் நுனி அளவு மரக்கரித் துண்டுகளும் உடைந்த ஓட்டுச் சில்லுகளும் சேர்க்க வேண்டும். சேலத்தில் மட்டைத் துண்டு பாதிக்கு மேல் இருக்கலாம். ஏற்காட்டில் கரியும் ஓடும் முக்கால் பங்கு இருப்பதே பாதுகாப்பு. பைன் மரப்பட்டை கிடைத்தால் இரண்டு ஊர்களுக்கும் நல்லது. ஆனால், அதன் விலைக்கு அது செய்யும் கூடுதல் நன்மை சிறிதுதான் என்பது என் கருத்து.

தொட்டியைப் பொறுத்தவரை, பக்கங்களிலும் துளையுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் தொட்டியே வசதியானது. வேரின் நிறம் வெளியிலிருந்தே தெரியும். பூங்கொத்துக் கடைகளில் தரும் துளையற்ற பீங்கான் தொட்டியை வெளி உறையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாங்கிய செடியைத் தொட்டி மாற்றும்போது, வேர்க்கற்றையின் நடுவில், நாற்றுப் பருவத்தில் நடுவதற்குப் பயன்படுத்திய உலர்பாசி உருண்டை ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேற்புறம் உலர்ந்திருக்கையில் உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே இருந்து வேரை அழுகச் செய்வது பெரும்பாலும் அதுதான்.

எந்த மாதத்தில் தொட்டி மாற்றலாம்?

பூக்கள் உதிர்ந்து புதிய வேர் நுனிகள் தெரியும்போது மாற்றலாம். சேலத்தில் கத்திரி வெயில் முடிந்து ஆடி மாதம்வரை காத்திருப்பது நல்லது. ஏற்காட்டில் பங்குனி, சித்திரையிலேயே முடித்துவிட வேண்டும். மட்டைத் துண்டு ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுகளில் மக்கிக் குழையும்.

வேர்களைப் பிரிக்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து வெட்டிவிடாதீர்கள். மட்டையின் சாறு பட்டுப் பழுப்பேறிய வேர்கூட உயிருடன் இருக்கும். இரு விரல்களுக்கு இடையே மெல்ல அழுத்தினால் திடமாக நிற்பது நல்ல வேர். மேலுறை வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் கையில் தங்கினால் அது இறந்த வேர், அதை வெட்டிவிடலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாட்கணக்கு வைத்து ஊற்றுவதுதான் இந்தச் செடிகள் சாவதற்கு முதல் காரணம். நனைந்த வேர் பச்சையாகவும் உலர்ந்த வேர் வெள்ளிச் சாம்பல் நிறமாகவும் இருக்கும். தொட்டியின் பக்கவாட்டில் தெரியும் வேர்கள் பெரும்பாலும் வெளுத்த பிறகு, தொட்டியைக் கையில் எடுத்துக் கனம் குறைந்திருப்பதை உணர்ந்து, பிறகே ஊற்ற வேண்டும். ஊற்றும்போது சிறிது தெளித்துவிட்டு நிறுத்தாமல், அடித்துளைகள் வழியே தாராளமாக வடியும்வரை ஊற்ற வேண்டும்.

தோராயமாகச் சொன்னால், சேலத்தில் பங்குனி முதல் ஆனி வரை இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறையும், மார்கழியில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறையும் தேவைப்படும். ஏற்காட்டில் மூடுபனியும் மழையுமாக இருக்கும் வாரங்களில் பத்து நாளுக்கு ஒருமுறைகூட அதிகமாகிவிடக்கூடும்.

காலையில் ஊற்றுவது நல்லது. இலைகள் கூடும் குருத்தில் நீர் தேங்கினால், இரவுக்குள் அதைப் பஞ்சாலோ காகிதச் சுருளாலோ ஒற்றி எடுத்துவிட வேண்டும். இந்தச் செடிக்கு ஒரே வளர்நுனிதான் உண்டு. குருத்து அழுகினால் அதன் வளர்ச்சி அங்கேயே முடிந்துவிடுகிறது.

காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு இருந்தால் போதும். சேலத்துக் கோடையில் அகலத் தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் பாதி உயரத்துக்கு நீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைக்கலாம். அடித்துளை நீரைத் தொடக் கூடாது. நாள் முழுவதும் இலைமேல் நீர் தெளித்துக்கொண்டிருப்பதைவிட, மெதுவாகச் சுழலும் மின்விசிறியின் காற்று எட்டுமாறு வைப்பது மேலானது.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

மழைநீர் முதலிடம். மேட்டூரிலிருந்து வரும் குடிநீர் பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை. சேலத்தின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல பகுதிகளில் கடினமானது. மேக்னசைட் வெட்டியெடுக்கப்படும் ஊரில் இது வியப்பல்ல. தொட்டி விளிம்பிலும் வேரிலும் வெள்ளைப் படிவம் தெரிந்தாலோ வேர் நுனிகள் கருகினாலோ அந்த நீரை நிறுத்திவிடுங்கள். சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வரும் குடிநீர் பொருத்தமானது. அந்த இயந்திரம் கழிவாக வெளியேற்றும் நீரை மட்டும், சிக்கனம் கருதிக்கூட, ஆர்க்கிட்டுக்கு ஊற்றக் கூடாது. குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இருக்காது; ஆனால், இயந்திரத்தின் தூசியும் பாசியும் கலந்திருக்கக்கூடும் என்பதால் வடிகட்டி அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

என்ன உரம் போட வேண்டும்? பஞ்சகவ்யம் தரலாமா?

உரக்கடைகளில் கிடைக்கும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் கொண்ட, நீரில் முழுதும் கரையும் 19:19:19 உரம் போதும். லிட்டருக்கு அரை கிராமுக்கு மிகாமல் கலந்து, செடி வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை, முதலில் வெறும் நீரால் வேரை நனைத்த பிறகு ஊற்றலாம். மாதம் ஒருமுறை உரமில்லாத நீரை நிறைய ஊற்றித் தங்கிய உப்பைக் கழுவிவிட வேண்டும். மழைநீரையோ சுத்திகரித்த நீரையோ மட்டும் பயன்படுத்துவோர், மாதம் இருமுறை கால்சியம் நைட்ரேட்டைத் தனியே தர வேண்டும். அதை 19:19:19 உடன் ஒரே வாளியில் கலந்தால் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து வீழ்படிவாகிவிடும்.

பஞ்சகவ்யம் நெல்லுக்கும் காய்கறிக்கும் நல்லதாக இருக்கலாம். மண்ணே இல்லாத தொட்டியில் அது கரித்துண்டுகளின் இடைவெளியை அடைத்து, பூஞ்சையையும் சிற்றீக்களையும் வரவழைக்கிறது. வீட்டுக்குள் வைக்கும் செடிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு ஆண்டுகளாக இலை மட்டும் வருகிறது, பூவே இல்லை. என்ன குறை?

சேலத்திலிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். வெளிச்சம் போதுமானதாக இருந்து, செடியில் நான்கைந்து முதிர்ந்த இலைகளும் இருந்தால், குறை பெரும்பாலும் வெப்பநிலையில்தான் இருக்கும்.

பெரும்பாலான பெரும்பூக் கலப்பினங்கள், நான்கு முதல் ஆறு வாரங்கள் தொடர்ந்து ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான வெப்பநிலையில் இருந்தால்தான் பூந்தண்டை வெளியிடுகின்றன. 28 டிகிரிக்கு மேல் அவை இலைகளை மட்டும் வளர்க்கின்றன. இங்கே பரவலான தவறான நம்பிக்கை ஒன்று உண்டு: பகலுக்கும் இரவுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் போதும் என்பது. வேறுபாடு மட்டும் போதாது. இரவு குளிர்ந்தாலும் பகலில் பல மணி நேரம் 29 டிகிரி நீடித்தால், அந்தக் குளிரின் பயன் பெருமளவு வீணாகிறது. சேலத்தில் மார்கழி இரவுகள் இதமாக இருக்கின்றன; பகலோ பலமுறை 29, 30 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. மொட்டை மாடியில் நிழல்வலையின் கீழ் வைத்த செடி பூக்காமலும், அதே வீட்டின் தரைத்தள அறையில் வைத்த செடி பூப்பதும் இதனால்தான்.

ஆகவே, சேலத்தில் உள்ளவர்கள் கார்த்திகைத் தொடக்கம் முதல் தை முடிய, வீட்டிலேயே குளிர்ந்த, ஆனால் வெளிச்சமுள்ள கிழக்கு அல்லது வடக்கு அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரவில் ஜன்னலைத் திறந்துவைத்து, காலை ஒன்பது மணிக்கு மேல் திரையிட்டு மூடினால் அறையின் குளிர்ச்சி பகலிலும் ஓரளவு நிற்கும். விலையில்லாத இந்த முறையை முதலில் செய்து பார்த்துவிட்டுத்தான் குளிரூட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். இரவு மட்டும் ஓடும் குளிரூட்டி, மேலே சொன்ன அதே காரணத்தால் பல நேரங்களில் ஏமாற்றிவிடுகிறது. அதோடு காற்றையும் உலர்த்திவிடுகிறது.

இதைவிட உறுதியான வழி ஒன்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு வாய்த்திருக்கிறது. ஏற்காட்டிலோ நாகலூர்ப் பக்கமோ உறவினர் இருந்தால், புரட்டாசி இறுதியில் செடியை மேலே அனுப்பிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கு பகலும் 25 டிகிரிக்குள் அடங்கிவிடும். மழை படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வைத்து, தண்ணீரைக் குறைத்து ஊற்றச் சொன்னால் போதும். பூந்தண்டு அரைச் சாணாவது வளர்ந்து, மொட்டுகள் உருளத் தொடங்குவதற்கு முன், மார்கழியில் கீழே இறக்கிவிட வேண்டும். விரல் நுனி அளவில் இருக்கும்போதே இறக்கினால், வெப்பத்தில் தண்டு வளராமல் நின்றுவிடலாம், அல்லது பூவுக்குப் பதிலாகக் கன்று விடலாம். மொட்டு வைத்த பிறகு இறக்கினாலோ முதல் கேள்வியில் சொன்ன உதிர்வு நேரும். இந்த இடைவெளியைப் பிடித்துவிட்டால் மாசியில் பூக்கள் விரிந்து, மாம்பழமும் கத்திரி வெயிலும் வருவதற்குள் இரண்டு மாதங்கள் வீட்டில் நிற்கும்.

ஏற்காட்டில் வசிப்போருக்குப் பூந்தண்டு வருவது பெரிய காரியமல்ல. அவர்கள் கவலைப்பட வேண்டியது மார்கழி, தை இரவுகளின் கடுங்குளிர். 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி மந்தமாகும். 10 டிகிரியை நெருங்கினால் இலைகளில் நீர்கோத்த குழிகள் தோன்றும். அந்த இரவுகளில் செடி வீட்டுக்குள் இருக்கட்டும்.

இலையடியில் முளைப்பது வேரா, பூந்தண்டா?

வேரின் நுனி உருண்டு வழவழப்பாக இருக்கும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, ஒரு பக்கம் மடிந்த சிறு செதிலுடன் கூர்ந்து, வெளிச்சத்தை நோக்கி எழும். ஒரு வாரம் பொறுத்தால் ஐயம் தீர்ந்துவிடும். தண்டு என்று உறுதியானபின் தொட்டியைத் திருப்பக் கூடாது. வெளிச்சம் வரும் திசை மாறினால் பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். முளைத்ததிலிருந்து முதல் பூ விரிய மூன்று, நான்கு மாதங்கள் ஆகும்.

பூ முடிந்த தண்டை வெட்டிவிடலாமா?

தண்டு தானாகக் காய்ந்தால் அடியோடு வெட்டிவிடலாம். பச்சையாகவே இருந்து, செடியும் வலுவாக இருந்தால், அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டினால் பக்கக்கிளை வந்து சில பூக்கள் தரக்கூடும். சேலத்தில் நான் அடியோடு வெட்டுவதையே விரும்புகிறேன். கோடையைத் தாங்க வேண்டிய செடியிடம் இரண்டாம் முறை பூக் கேட்பது பேராசை. கணுவில் கன்று வந்தால், அதற்கு விரல் நீளத்தில் இரண்டு, மூன்று வேர்கள் விட்ட பிறகு பிரித்து நடலாம். அது தாய்ச் செடியின் நிறத்திலேயே பூக்கும்.

மழைக்காலத்தில் இலையில் நீர்கோத்த கறை தோன்றி, இரண்டே நாளில் இலை முழுவதும் குழைந்துவிட்டது. என்ன செய்வது?

இது பாக்டீரியாவால் வரும் மென்னழுகல். ஏற்காட்டு மழை வாரங்களில் அதிகம் வரும். கெட்ட நாற்றமும் இருக்கும். மருந்து தேடி நேரம் கடத்தாமல், சுடரில் காட்டிய பிளேடால் கறைக்கு அப்பால் இரண்டு சென்டிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்து அன்றே வெட்டிவிட வேண்டும். வெட்டுவாயில் இலவங்கப்பட்டைப் பொடி தடவலாம். வேரில் அது படக் கூடாது, உலர்த்திவிடும். மற்ற செடிகளைத் தள்ளி வைத்து, இலைமேல் நீர் படாமல் சில வாரங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கறை குருத்தை எட்டிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை.

பூச்சிகளுக்கு என்ன தீர்வு?

இலைக்கவட்டில் வெள்ளைப் பஞ்சாகத் தெரியும் மாவுப்பூச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்து, வாரம் ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். சேலத்துக் கோடையில் இலையடியில் சிலந்திப்பேன் வரும்; ஈரத்துணியால் இருபுறமும் துடைத்தால் குறையும். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் மட்டும், பூக்களில் படாமல் தெளிக்கலாம். மலையில் நத்தையை இரவில் டார்ச் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

நீல நிறப் பூவுடன் வாங்கிய செடி மறுமுறை வெள்ளையாகப் பூத்தது ஏன்?

அது வெள்ளைப் பூச் செடிதான். பூந்தண்டில் சாயம் செலுத்தி விற்கப்பட்டது. செடிக்கு ஒன்றும் ஆகாது. கூடுதல் விலை மட்டும்தான் நட்டம்.

இந்த ஆர்க்கிட் சேர்வராயன் மலைக்காட்டில் இயற்கையாக வளர்கிறதா?

கடைகளில் விற்கும் பெரும்பூக் கலப்பினங்கள் எந்தக் காட்டுக்கும் உரியவையல்ல. அவற்றின் மூதாதையர் முக்கியமாகப் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகளின் ஈரக் காடுகளைச் சேர்ந்தவை. மனிதர் உருவாக்கிய முதல் பெலனாப்சிஸ் கலப்பினம் 1886-இல் இங்கிலாந்தின் வீட்ச் நர்சரியில் பூத்தது. சிறு பூக்கள் கொண்ட பெலனாப்சிஸ் டெலிசியோசா என்ற உறவினம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளர்கிறது. சேர்வராயன் காடுகளிலும் காப்பித் தோட்டத்து மரங்களிலும் வேறு பல ஆர்க்கிட்டுகள் உண்டு. அவற்றைக் காண விரும்புவோர் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்குச் செல்லலாம். காட்டு மரத்திலிருந்து பெயர்த்து வந்து விற்கப்படும் செடியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்க வேண்டாம். தான் பற்றியிருந்த மரமும் மூடுபனியும் இல்லாமல் அது வீட்டில் பெரும்பாலும் பிழைப்பதுமில்லை.

பத்து நாட்கள் வெளியூர் செல்ல வேண்டும். செடியை என்ன செய்வது?

புறப்படும் அன்று காலையில் நன்றாக ஊற்றி, நீர் முழுவதும் வடிந்தபின், வெயில் படாத வெளிச்சமான அறையில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். மார்கழியில் பத்து நாட்களை அது எளிதாகத் தாங்கும். கத்திரி வெயிலில் சென்றால், பக்கத்து வீட்டாரிடம் மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் நீர் மட்டும் ஊற்றச் சொல்லி, அந்த டம்ளரையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அன்பின் மிகுதியால் தினமும் ஒரு செம்பு ஊற்றிவிடுவார்கள்.